ஈரம் ரெண்டு, சாக்கு ஒன்னு

“என்னாம்மா இது? உள்ள ஒன்னுமே இல்ல போல இருக்கே.”

கவுண்டரின் மேலிருந்த கறுப்புப் பைக் பெட்டரியை மூன்று விரல்களால் கொக்கி மாதிரிக் கவ்வித் தூக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மணிக்கட்டை மேலும் கீழுமாக இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார் அந்தக் கிழவர். ஜெயராணி பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். முகத்தை அவள் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். பெட்டரி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் தூக்கித்தான் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல சாமான், லேசாக இருந்தால் ஏமாற்று என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. ஆனால் ஒருவர் உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார், இன்னொருவர் பிள்ளையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குவார். மூன்று விரலில் மாட்டி, கண்ணைச் செருகி, மணிக்கட்டால் நிறை கேட்கிற கையை அவள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளிடம்தான் கண்டிருக்கிறாள். அதுவும் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால்.

அழகையா. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

“சவர்க்காரப் பெட்டி மாதிரி இருக்கு. இதுக்கா இந்த வெல?”

“லித்தியம் அப்புடித்தாங்க ஐயா. உள்ள ஈயம் இல்ல, தண்ணி இல்ல. அதனால பாரமும் இல்ல” என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வெளியே வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

அவருக்கு அவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பதினைந்து வயதுப் பிள்ளைக்கும், நரையை மைபூசி மறைத்துக்கொண்டு கடை ஏப்ரனோடு நிற்கிற நாற்பத்தேழு வயதுக்காரிக்கும் என்ன சம்பந்தம்? அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்வதே ஒரு வேலையாக இருந்தது. இடது காலை மடக்கி, வலது காலை நீட்டியபடியே முன்னால் விட்டு, கைத்தடியைத் தொடைக்கு நடுவில் வைத்தார்.

“முழங்கால மாத்திட்டாங்கம்மா. உள்ள இரும்பு வச்சிருக்கு. கிக்கர் மிதிக்க ஏலாது, பட்டன அமத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். வீடோ ரோட்டுல இருந்து எம்பத்திமூனு படி மேல. பைக் கீழதான் நிக்கும். வாரத்துக்கு ரெண்டு தரம் பெட்டரியக் கழட்டித் தூக்கிக்கிட்டுப் போயி வீட்டுல சார்ஜ் போட்டு, மறுபடி தூக்கிக்கிட்டு எறங்குறேன். மூனரைக் கிலோ! பாதிப் படியில நின்னு மூச்சு வாங்குது. மகன் திலக்ஷன் வெளிநாட்டுல இருந்து போன்ல சொல்றான், லித்தியம்னு ஒன்னு இருக்கு வாங்குங்கப்பா, கோழிக்குஞ்சத் தூக்குற மாதிரி இருக்கும்னு.”

“எந்தக் காலுங்க ஐயா?”

“வலது.”

வலது. அவள் அந்தச் சொல்லை மிட்டாய் மாதிரி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இந்தக் கடைக்கு ஜெயராணி வந்தது கூட்டவும் தேத்தண்ணி ஊற்றவும்தான். அது பதினாறு வருஷத்துக்கு முந்திய கதை. இப்போது முதலாளி இப்ஹாம் நானா திகனைக்கோ கொழும்புக்கோ போகிற நாட்களில் கண்டிப் பக்கத்து அம்பிட்டியக் கடை முழுக்க அவள் பொறுப்பு. எந்தப் பைக்குக்கு எந்தப் பெட்டரி, எதற்குப் பிளஸ் முனை இடது பக்கம், எதற்கு வலது பக்கம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். லித்தியம் வந்த பிறகு நானா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். “மீட்டர் புடிக்காம லித்தியம் ஒன்டும் குடுக்க வாணாம் தங்கச்சி. பழைய பைக்ல கரண்டு கூட வந்தா அது ஊதும், பொகையும், பத்தும். ஒருக்கா கடை பத்தினதப் பாத்தவன் நான். இன்னொருக்கா பாக்க ஏலாது.” எரிந்த கடையைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசமாட்டார். அவளும் கேட்டதில்லை. ஊதிப்போன ஒரு பெட்டரியைக் கவுண்டருக்கு அடியில் டப்பாவில் போட்டு வைத்திருந்தார், நம்பாதவர்களுக்குக் காட்ட. ஏழு மாதக் கர்ப்பம் மாதிரி வயிறு புடைத்த பெட்டரி.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்றரை மணிதான், ஆனாலும் எதிர் மலைச்சரிவில் கோப்பி மரங்கள் எல்லாம் இருண்டுபோய் நின்றன. அவர் தகரக் கூரைக்கு அடியில் தன் பழைய சிவப்பு பைக்கை நிறுத்தியிருந்தார். தள்ளிக்கொண்டு வந்தவன் யாரோ வழியில் போன ஆட்டோக்காரன்.

ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் வாசலில் ஒரு வட்டத் தராசு தொங்கும். கொக்கியில் கொழுந்துச் சாக்கை மாட்டினால் முள் சுற்றும். அது நிற்பதற்குள் அழகையா கணக்கப்பிள்ளை ஓர் எட்டு முன்னால் வருவார். சாக்கு ஆடாமல் தாங்குகிறவர் மாதிரி வலது முழங்காலை அதன் அடியில் கொடுப்பார். முள் இரண்டு கோடு பின்னால் போகும். குறைந்த அந்த எண்ணையே எழுதிக்கொண்டு, அதிலிருந்து இன்னும் மூன்று கிலோவைக் கழித்தபடி ராகமாகச் சொல்வார்: “ஈரம் ரெண்டு, சாக்கு ஒன்னு.” மழைநாளில் சொன்னாலாவது போகட்டும் என்று விடலாம். மாசி வெயிலில், கொழுந்து வாடிச் சருகு மாதிரிச் சத்தம் போடுகிற நாளிலும் ஈரம் ரெண்டுதான், சாக்கு ஒன்னுதான். கழிவு போகப் பதினாறு கிலோ நின்றால் முழுப் பேர், முழு நாள் சம்பளம். பதினைந்தே முக்கால் என்றாலும் அரைப் பேர், அதாவது விடிந்ததிலிருந்து மலையில் நின்றவள் அரை நாள்தான் வேலை செய்தாள் என்று சம்பளம் எழுதுகிற செக்ரோலில் விழும். கணக்கப்பிள்ளைக்கு முழங்காலில் தராசு இருக்கிறது என்று லயத்து வீடுகளில் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மடுவத்தில் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள்.

வாய் திறந்தவள் பேச்சியம்மா. ஜெயராணியின் அம்மா. அன்று பள்ளிக்கூடம் விட்டு மடுவத்துப் பக்கமாக வந்த ஜெயராணி, வெள்ளைச் சட்டையோடு வேலி ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

“ஐயா, இன்னொருக்கா நிறுங்க. கால எடுத்துட்டு நிறுங்க.”

கணக்கப்பிள்ளை கோபப்படவில்லை. அதுதான் ஜெயராணிக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். சிரித்துக்கொண்டே சாக்கைக் கொக்கியிலிருந்து கழற்றினார். “ஒருதரம் நிறுத்தா நிறுத்ததுதான்” என்றார். அப்புறம் சாக்கை வாய்க்காலுக்கு மேலே பிடித்துக் கவிழ்த்தார். “பூரா முத்தல் எல. தொரைக்கு இதக் காட்டவா?” பச்சைக் கொழுந்து தண்ணீரில் மிதந்து போனது. அம்மா குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள், அள்ள அள்ளப் போனது. மூன்று வாரம் பேச்சியம்மாவுக்கு வேலை கொடுக்கவில்லை. அப்பா இல்லாத வீடு. அந்த மூன்றாவது வாரத்தில்தான், பள்ளி இறுதி ஓ.எல். பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது, சித்தி வந்து ஜெயராணியைக் கண்டியில் ஒரு டொக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பாத்திரம் கழுவ. அதே வருஷம் கணக்கப்பிள்ளை வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். அவள் திரும்பிப் பள்ளிக்கூடம் போகவேயில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நர்ஸ் மிஸ்ஸி அவளைத் தாங்கிப் பிடித்து நிறை பார்க்கும் மெஷினில் ஏற்றினாள். முப்பத்தொன்பது கிலோ. “ஈரம் ரெண்டு கழிச்சுக்கோங்க மிஸ்ஸி” என்றாள் அம்மா. மிஸ்ஸிக்கு விளங்கவில்லை, காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தாள். அம்மாவும் மகளும் மட்டும் சிரித்தார்கள். அதுதான் அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

“என்னாம்மா, நின்னுக்கிட்டே தூங்குறியா? எது நல்லதுன்னு சொல்லு.”

“இதோங்க ஐயா.”

அவருடைய பைக்குக்கு ஒத்து வருகிற மாதிரி இரண்டு லித்தியம் கடையில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றின் உள்ளே ஒரு சின்னத் தகடு உண்டு. கரண்டு கூடினால் அது தானாக வெட்டிவிடும், காவல்காரன் மாதிரி. மற்றதில் அது இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். அழகையா இரண்டையும் மாறி மாறி மூன்று விரலில் தூக்கினார். கண்ணை மூடினார்.

“இது கொஞ்சம் லேசு. வெலயும் கம்மி. இதவே குடு.”

காவல் இல்லாதது. காவல் உள்ளதையே எடுங்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் இந்த இடத்தில் அவள் சொல்வது உண்டு. இன்றைக்கு அதைச் சொல்லாமல், காவல் உள்ளதை எடுத்துத் தட்டில் திருப்பி வைத்தாள். “சரிங்க ஐயா” என்றாள்.

“லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது பாத்துக்க. பல்புதான் மாசத்துக்கு ஒன்னு போகுது. எல்லாம் களவாணிப் பயலுக விக்கிற சாமான். பழைய பெட்டரிக்கும் வாரா வாரம் தண்ணி ஊத்தணும், குடிச்சிக்கிட்டே இருக்கும்.”

மாதம் ஒரு பல்பு. வாரம் ஒருமுறை தண்ணீர். அவளுக்கு மீட்டரே தேவையில்லை. ரெகுலேட்டர் போய்விட்டது. என்ஜினிலிருந்து வருகிற கரண்டை அடக்கி அனுப்ப வேண்டிய அந்தச் சின்னப் பெட்டி செத்துப்போய், கரண்டு கட்டறுந்த மாடு மாதிரி வந்துகொண்டிருக்கிறது. ஈயப் பெட்டரி என்றபடியால் தண்ணீர் கொதித்துக் கொதித்து இத்தனை நாள் தாக்குப்பிடித்தது. லித்தியத்துக்குக் கொதிக்கத் தண்ணீர் கிடையாது.

பழைய பெட்டரியைக் கழற்றினாள். பழைய ஈயத்தைக் கடை நிறைக்குத்தான் எடுக்கும், அதை விலையில் கழித்துக்கொள்வார்கள். அதற்கென்று சுவரோரம் ஒரு வட்டத் தராசு கொக்கியோடு தொங்கியது. பதினாறு வருஷமாக அவள் அதில் நேர்மையாகத்தான் நிறுத்திருக்கிறாள். இன்றைக்குப் பெட்டரியைக் கயிற்றில் கட்டிக் கொக்கியில் மாட்டினாள். முள் மூன்றரையைத் தாண்டப் போனது. ஓர் எட்டு முன்னால் வைத்து, ஆடுவதை நிறுத்துகிறவள் போல இடது உள்ளங்கையை அதன் அடியில் கொடுத்தாள்.

“ரெண்டரை” என்றாள். பிறகு ராகத்தை மாற்றாமல் சொன்னாள்: “தண்ணி ஒன்னு, கவர் அரை. ஒரு கிலோ ஐயா.”

கிழவர் கதிரையில் நிமிர்ந்தார்.

“கைய எடும்மா.”

“ஆடுதுங்க ஐயா. புடிச்சாத்தான் முள்ளு நிக்கும்.”

“தண்ணி ஒரு கிலோவா? அது காஞ்சு கெடக்கு!”

“தண்ணி ஒன்னுதாங்க எப்பவும்.”

அவருடைய கண் அவள் உள்ளங்கையிலிருந்து முள்ளுக்கும், முள்ளிலிருந்து உள்ளங்கைக்கும் போய்வந்தது. இப்போது அந்த முகம் கறுக்கும், இப்போது அந்தத் தலை கவிழும் என்று ஜெயராணி காத்திருந்தாள். கவிழவில்லை. அவர் சிரித்தார். தோள் குலுங்க, இருமல் வரும் வரைக்கும், கண்ணில் தண்ணீர் கோர்க்கும் வரைக்கும் சிரித்தார்.

“அடி கள்ளி! எங்க படிச்ச இத?”

“மடுவத்துல. நான் பேச்சியம்மா மக.”

“எந்தப் பேச்சி?” என்று கூரையைப் பார்த்து யோசித்தார். “மேல் லயத்தவளா? ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாளே, அவளா? ஆத்தாடி, வாயின்னா அது வாயி. இருக்காளா?”

“இல்ல.”

“ம்.”

முப்பத்திரண்டு வருஷமாக அவள் இவரோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருக்கிறாள். பாத்திரம் கழுவுகையில், பஸ்ஸில், பிள்ளைகளைத் தூங்கப்போடுகையில். எத்தனையோ கேள்விகள், ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. இப்போது வாயைத் திறந்தபோது ஒரு சின்னக் கேள்விதான் வெளியே வந்தது.

“எங்கம்மாகிட்ட ஏன் ஐயா தெனம் தெனம் அப்புடி எடுத்தீங்க?”

“நெறையக் கொழுந்து எடுக்குறவகிட்டதானேம்மா எடுக்க முடியும்?” என்றார் அவர், விளங்காத பிள்ளைக்குச் சொல்கிறவர் மாதிரி. “பத்துக் கிலோ எடுக்குறவகிட்ட நான் என்னத்த எடுக்குறது? ஒங்கம்மாவுக்கு ரெண்டு கையும் மெஷினு. பத்து மலையில அவ மாதிரி ஒருத்தி கெடையாது. அதனாலதான் அவகிட்ட எடுத்தேன். நான் என்ன வீட்டுக்கா கொண்டுபோனேன்? மலைக்கு இவ்வளவுன்னு தொரை கேப்பாரு. கொறஞ்சா எனக்குத்தான் ஏச்சு.”

அவர் மறுத்திருந்தால் அதற்கு ஒரு பதில் அவளிடம் இருந்தது. மறந்துவிட்டது என்றிருந்தால் அதற்கும் இருந்தது. அழுது மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்பதைக்கூட அவள் பலமுறை ஒத்திகை பார்த்திருக்கிறாள். இது பாராட்டு. கொக்கியில் பெட்டரியை அப்படியே விட்டுவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

“பைக்க ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி மீட்டர் வைக்கணும். கடைச் சட்டம்” என்றாள்.

அவள் மீட்டரே வைக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பழி வாங்குகிறவளுக்கும் அளவு தெரிந்திருக்க வேண்டும்தானே. கடையில் கிடந்த ஒரு பழைய ஈயப் பெட்டரியைத் தற்காலிகமாக வயரில் கோர்த்தாள். சுடிதார்க் காலைச் சுருட்டிக்கொண்டு கிக்கரை மிதித்தாள். மூன்றாவது மிதியில் என்ஜின் பிடித்தது. “பரவால்லயே, ஒங்கம்மா தெம்பு” என்றார் கதிரையிலிருந்து. மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் வைத்து, மற்றக் கையால் ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள். பதினாலு. பதினாலு புள்ளி எட்டு. பதினைந்தரை. பதினாறு புள்ளி இரண்டு வோல்ட்டில் போய் நின்றது. பதினாலரைக்கு மேலே போனால் லித்தியம் போடக்கூடாது என்று நானா சுவரில் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தார்.

எப்படிச் சொன்னால் கேட்பார்கள், எப்படிச் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்பது ஜெயராணிக்குத் தெரியும். பதினாறு வருஷமாக அவள் செய்கிற வேலையே அதுதான். கேட்க வேண்டும் என்றால் மீட்டரை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவாள். முனைகளை அவர்கள் கையிலேயே கொடுத்து வைக்கச் சொல்வாள். டப்பாவிலிருந்து வயிறு புடைத்த பெட்டரியை எடுத்து முன்னால் வைப்பாள். “வேற கடையிலயும் கேட்டுப் பாருங்க” என்பாள். அப்படிச் சொன்னால் யாரும் வேறு கடைக்குப் போவதில்லை. இன்றைக்கு மீட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாமான் விற்கிறவளின் இனிப்புக் குரலில் சொன்னாள்:

“பதினாறு காட்டுதுங்க ஐயா. ரெகுலேட்டர் போயிருச்சு. அத மாத்தாம இதப் போட்டா பெட்டரி ஊதிரும், பத்துனாலும் பத்தும். புது ரெகுலேட்டர் ஒன்னும் சேத்துப் போட்டுருவோம். எங்ககிட்டயே இருக்கு.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கடைசி இரண்டு சொற்களை மட்டும், விற்கத் துடிக்கிறவள் மாதிரி, கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னாள்.

“பாத்தியா, வந்துருச்சு!” என்று கைத்தடியால் தரையைத் தட்டினார் அழகையா. “ஈயத்துல ஒருக்கா ஏமாத்துன. போனாப் போகுது, நம்ம பேச்சி மகன்னு சிரிச்சேன். இப்ப ரெகுலேட்டரா? முப்பத்தெட்டு வருசம் தராசு புடிச்சவன்மா நான். அளக்குற சாமான் எல்லாம் புடிச்சிருக்கிறவன் நெனைக்கிறதத்தான் சொல்லும். மீட்டரு ஒங்கையில. பதினாறும் காட்டும், அறுபதும் காட்டும்.”

“நான் சொல்லிட்டேன் ஐயா.”

“சொல்லிட்ட. பெட்டரிய மட்டும் போடு.”

அவள் பில்லின் அடியில் ‘ரெகுலேட்டர் வேண்டாம் என்றார்’ என்று எழுதி, போன் நம்பரையும் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கினாள். அதே கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே பாம்பு வால் மாதிரி ஒரு சுழி. அம்மாவின் அரைப் பேர்த் துண்டுகளில் அந்த வால் எத்தனை முறை சுழித்திருக்கிறது. பிறகு குனிந்து வேலையைத் தொடங்கினாள். புதுப் பெட்டரி சின்னது. பழையது இருந்த கூட்டுக்குள் இரண்டு விரல் இடம் சுற்றிலும் காலியாக நின்றது. ஸ்பொஞ்சை அளந்து வெட்டி அந்த இடத்தை அடைத்தாள். நட்டுகளை முறுக்கினாள், ஆட்டிப் பார்த்தாள், இன்னொரு கால் சுற்று முறுக்கினாள். பக்கத்து மூடியைப் போட்டாள். உட்கார்ந்தால் அவருடைய வலது தொடை அந்த மூடியின் மேல்தான் இருக்கும். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அது அவளுக்கு முக்கியமாக இருந்தது, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் காலைத் தூக்கிப் போட்டு ஏற, அவள் பைக்கைப் பிடித்துக்கொண்டாள். பட்டனை அமத்தினார். ஒரே தொடுகையில் என்ஜின் பாய்ந்தது.

“ஆத்தாடி!” என்றார். எழுபது தாண்டிய முகம் ஒரு நொடி பள்ளிக்கூடப் பையனின் முகமானது. “இனி ஒருத்தன்கிட்டயும் தள்ளச் சொல்லத் தேவையில்ல.”

மழை இருட்டுக்கு லைட்டைப் போட்டார். எதிர்ச் சுவரில் ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. திருகினார். வட்டம் வெளுத்தது. இன்னும் திருகினார். இன்னும் வெளுத்து, சுவரின் பாசியும் கிழிந்த போஸ்டரும் ஒவ்வொரு நூலாகத் தெரிந்தன. விட்டார், மஞ்சளானது. மறுபடி திருகினார். அவருடைய சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. கழுத்து முன்னால் நீண்டது. கண் பாதி மூடியது. முள் சுற்றுவதைப் பார்க்கிற அதே பார்வை.

“ஏம்மா.”

“ம்.”

“கரண்டு கூடாம லைட்டு இப்புடி வெள்ளையா எரியுமா?”

அவள் குனிந்து தரையில் கிடந்த ஸ்பொஞ்சுத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

“அந்த மீட்டர இன்னொருக்கா வையேன். இல்ல, எங்கையில குடு. நானே வச்சுப் பாக்குறேன்.”

மீட்டர் ஏப்ரன் பைக்குள் இருந்தது. ரெகுலேட்டர் பெட்டி மூன்றாவது தட்டில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். மாற்றினால் கால் மணி நேர வேலை. இப்போது மனிதர் நம்புவார். இப்போது திருப்பிக் காட்டினால் போதும். கூரை விளிம்பிலிருந்து மழைத் தண்ணீர் கயிறு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது, கீழே வாய்க்காலில் என்னென்னவோ இலைகள் மிதந்து போயின. ஜெயராணி அந்த இலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருதரம் நிறுத்தா நிறுத்ததுதான்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் கடைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுடைய முகத்தை முகமாகப் பார்த்தார். நெற்றி, மூக்கு, மூக்குத்தி இல்லாத அந்த ஓட்டை. உதடு எதையோ சொல்ல அசைந்தது. கெஞ்சப் போகிறார் என்று நினைத்தாள். கெஞ்சினால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“பேச்சி மகதான் நீ” என்றார். ஹெல்மட்டைக் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

கடைக்கு எதிர்ச் சரிவில் பாதை நாலு வளைவாக ஏறுவது வாசலிலிருந்தே தெரியும். உடனே ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் போகலாம், ஒரு மாதம் போகலாம். இல்லை, என்ஜின் முக்கி ஏறுகிற முதல் ஏற்றத்திலேயே சூடு பிடிக்கலாம். அது அவளுக்கும் தெரியாது. முதல் வளைவில் வெளிச்சம் மஞ்சளாகத் திரும்பியது. இரண்டாவதில் கொஞ்சம் வெளுத்திருந்தது. பில் புத்தகம் காற்றில் படபடத்தது, அவருடைய நம்பர் எழுதிய பக்கத்தைக் கட்டைவிரலால் அமத்திப் பிடித்தாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. இப்ஹாம் நானா.

“மழையா அங்க? யாரும் வந்தாங்களா தங்கச்சி?”

“ஒராள் வந்தாரு நானா. லித்தியம் ஒன்னு போச்சு.”

“மீட்டர் புடிச்சா?”

“புடிச்சேன்.”

“எவ்வளவு காட்டினிச்சி?”

மூன்றாவது வளைவில் வெளிச்சம் வெள்ளை வெளேரென்று மலையைத் தடவிக்கொண்டு திரும்பி, மரங்களுக்குள் போனது. அவளுக்குப் பின்னால் தராசுக் கொக்கியில் பழைய பெட்டரி இன்னும் தொங்கியது. அடியில் யாருடைய கையும் இல்லாமல், ஆட்டம் அடங்கி, முள் மூன்றரையில் நின்றது.

“தங்கச்சி? கேக்குதா? எவ்வளவு காட்டினிச்சி?”

மரங்களுக்குள் போகிற பைக் நாலாவது வளைவில் வெளியே வர எட்டு எண்ண வேண்டும். சும்மா இருக்கிற பகல்களில் அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள். நாலு. அஞ்சு. மழை மலையை மறைப்பதும் விலகுவதுமாக இருந்தது. ஆறு.